வீட்டிலே தொலைக்காட்சியைப் பதிந்து காத்தல்

ஏட்டுச்சுவடி செல்லரித்து அழியுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதி வைத்தல் நம் முன்னோர் மரபு. வானலையில் வந்து கணத்தில் மறையும் தொலைக்காட்சிக்கும் அத்தகைய காவல் வேண்டப்படுகின்றது. இங்கிலாந்திலே பி.பி.சி. நிறுவனம், 1960களிலும் 1970களிலும், நாடாவின் விலை மிகுதி பற்றி, ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளை அழித்து அந்நாடாக்களை மீண்டும் பயன்படுத்தியது. 'டொக்டர் ஹூ' என்னும் தொடர் நாடகத்தின் பல பகுதிகள் அவ்வாறு மறைந்தன. ஆயினும், காணாமற்போன பகுதிகள் அனைத்தினதும் ஒலி இன்றும் உள்ளது. வீட்டிலிருந்து பார்த்த நேயர் சிலர் ஒலிப்பதிவுக் கருவியால் அதனைப் பிடித்து வைத்தமையே காரணம். நிலையம் காவாததை இல்லம் காத்தது.

அன்று ஒலியை மாத்திரம் காத்தனர்; இன்று உயர்தெளிவுக் காட்சியையும் வீட்டிலே குறைவறப் பதியலாம். அமெரிக்காவின் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே பெருவலு நிலையங்கள் 2009 யூன் 12ஆந் திகதியுடன் பழைய ஒளிபரப்பு முறையைக் கைவிட்டன. இப்பொழுது காட்சி இலக்கங்களின் வரிசையாக வருகின்றது. ஒரு படத்தில் 1920 புள்ளிகள் கொண்ட 1080 வரிகள் வரை உள. அவற்றை அவ்வாறே அனுப்பினால் அலைவரிசை கொள்ளாது. ஆதலின், எம்பெக்-2 முறையாற் சுருக்கி, செக்கனுக்கு 19.39 மெகாபிற்றுக்கு மேற்படாது அனுப்புகின்றனர்.

பழைய கசற் நாடாவில் படிக்குப் படி தெளிவு குன்றியது. இக்காலக் கருவியோ வந்த இலக்கங்களை வந்தவாறே வன்தட்டில் எழுதுகின்றது. ஆகவே பதிவு ஒளிபரப்புக்கு ஒப்பாகும். பதிவின் படியும் அதற்கு ஒப்பாகும். வேண்டுவன மூன்று: கூரைமேல் அன்ரெனா, அலைதேர் கருவி, வன்தட்டு. அலைவரிசை முழுவதையும் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 8.7 கிகாபைற்று இடஞ்செல்லும். 4.7 கிகாபைற்றுக் கொள்ளும் டீ.வீ.டீ. ஒரு மணி நேரத்துக்கும் போதாது. ஆயிரம் கிகாபைற்று வன்தட்டிலோ நூறு மணிக்கு மேல் அடங்கும். இடத்தைச் சிக்கனஞ் செய்யக் கருதி மீண்டும் சுருக்குவோர் உளர். அதனாற் காட்சியின் நுட்பங்கள் மறையும், மறைந்தவை மீளா.

இவ்வாறு பதிதல் முறையோவென வாசகர் ஐயுறலாம். பின்னர் பார்ப்பதற்காக வீட்டிலே பதிதல் பதிப்புரிமை மீறலன்று என்று அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஐவர் அவ்வாறு கருத, நால்வர் மறுத்தனர். பதிந்ததை விற்றற்கு அத்தீர்ப்பு இடந்தரவில்லை.

பெருந்தடையாவது பூட்டே. கேபிள் நிறுவனம் வாடகைக்குத் தரும் கருவியிற் பதிந்தவை பெரும்பாலும் அக்கருவியிலன்றித் திறவா. அதனைத் திருப்பிக் கொடுத்தாற் பதிவும் போம். ஏ.ரி.எஸ்.சி. 3.0 என்னும் புதிய முறையிலே நிலையங்கள் பல வானலையையும் பூட்டியே அனுப்புகின்றன.

பூட்டின்றிக் கிடைத்ததையேனும் பேணுதல் நம் கடன். பதிந்துவிட்டமையாற் காத்ததாகாது, வன்தட்டு முன்னறிவிப்பின்றிப் பழுதாகும். இரு படிகள் எடுத்து, ஒன்றை வேறோர் இல்லத்தில் வைத்து, ஆண்டுதோறும் இயக்கிப் பார்த்து, தட்டு முதிருமுன் புதியதற்கு மாற்றுதல் வேண்டும். ஏட்டைப் பார்த்து ஏடெழுதியோர் செய்ததும் இதுவேயன்றோ!