வெயிலில் மாரத்தோன்: ஓடுபவரோடு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டியவை

மாரத்தோன் ஓட்டத்துக்குக் குடும்பத்தோடு வெளியூர் செல்வது நம்மவர்களிடையே இப்போது வழக்கமாகி வருகிறது. பினாங்குப் பாலத்தில் ஓட ஒருவர் பெயர் பதிந்தால், மனைவி, பிள்ளைகள், அம்மா என எல்லாரும் காரில் ஏறி விடுகிறார்கள். ஓட்டத்துக்கு ஓட்டமும் ஆச்சு, விடுமுறைக்கு விடுமுறையும் ஆச்சு. ஆனால் போய் இறங்கிய ஊரில் எதிர்பாராத வெயில் கொளுத்தினால், 42.195 கிலோமீட்டர் ஓடவிருப்பவர் என்ன செய்வது?

நமக்குத்தான் வெயில் பழக்கமாயிற்றே?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். வெயில் ஊரில் பிறந்தது வேறு, வெயிலில் ஓடப் பழகியது வேறு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். அங்கே பயிற்சி செய்தவருக்குப் பினாங்கின் புழுக்கம் புதிது. குளிர்சாதன ஜிம்மில் ஓடிப் பழகிய பட்டணத்து இளைஞருக்கும் அப்படியே.

ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு உள்ள முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஆவியாவது குறைகிறது. அதனால்தான் சூரியன் இல்லாத நள்ளிரவிலும் நம் நாட்டில் ஓடுபவர்கள் சூடாகி விடுகிறார்கள். மாரத்தோனுக்கு உகந்தது 10 டிகிரியை ஒட்டிய குளிர். நம் கடலோர ஊர்களில் இரவிலும் பெரும்பாலும் 24, 25 டிகிரி இருக்கும்.

உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் தேவை. அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, இதயத் துடிப்பு நிதானப்படுகிறது. வெள்ளிக்கிழமை ஊர் வந்து சேர்ந்து ஞாயிறு அதிகாலை ஓடுபவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

உலகத் தரத்து வீரர்களும் தப்பவில்லை

2007ஆம் ஆண்டு சிகாகோ மாரத்தோன் கடும் வெப்பத்தால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2018இல் லண்டன் மாரத்தோனின்போது வெப்பநிலை 24.1 டிகிரியைத் தொட்டது. நமக்கு அது குளுகுளு. ஆனால் கடுங்குளிரில் பயிற்சி செய்து வந்தவர்களுக்கு அதுவே பெரும் சோதனையாக இருந்தது. 2019இல் டோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தோன் நள்ளிரவில்தான் தொடங்கியது. அப்படியிருந்தும் களமிறங்கிய 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. தோக்கியோ ஒலிம்பிக் மாரத்தோன், வெப்பத்துக்கு அஞ்சி சப்போரோ நகருக்கே மாற்றப்பட்டது.

சுற்றுலாவை எப்போது வைத்துக் கொள்வது?

குடும்பப் பயணத்தில் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். நெடுஞ்சாலையில் பல மணி நேரம் கார் ஓட்டி வந்து, ரேஸ் கிட் வாங்க வரிசையில் நின்று, பிறகு பிள்ளைகளுக்காக ஜார்ஜ்டவுன் தெருக்களில் சுவரோவியம் தேடி நடந்தால், ஓட்டத்துக்கு முன்பே உடல் பாதி களைத்து விடும். பினாங்குப் பாலத்தில் முழு மாரத்தோன் விடிவதற்கு வெகு முன்பே தொடங்கி விடுவதால், சனிக்கிழமைப் பகல் தூக்கம் கட்டாயம்.

சுற்றிப் பார்ப்பதை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக் கொள்வதே நல்லது. இல்லையென்றால் சனிக்கிழமை மற்றவர்கள் வெளியே போகட்டும், ஓடுபவர் அறையில் படுக்கட்டும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டால் மனத்தாங்கலும் வராது. அதே வெயில் வயதானவர்களையும் குழந்தைகளையும் இன்னும் சீக்கிரம் தாக்கும். 'ஐந்து நிமிடம்தானே' என்று பிள்ளைகளைக் காரில் விட்டுச் செல்லவே கூடாது.

தண்ணீர்: குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து

வெயிலைக் கண்டு பயந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு. அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்து, மூளை வீக்கம் வரை கொண்டு போய்விடும். தாகத்துக்கேற்பக் குடிப்பதும், இடையிடையே உப்புச்சத்து கலந்த பானம் அருந்துவதும் போதும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் உடலில் நீர் சரியாக இருக்கிறது என்று பொருள்.

நம் குடும்பங்களில் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பரவலாக உள்ளன. சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயிலில் ஓடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. தசை வலிக்குப் பயந்து ஓட்டத்துக்கு முன் வலி நிவாரணி போடுவதும் சிறுநீரகத்துக்குக் கேடு.

வெப்பத் தாக்கை எப்படி அறிவது?

உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளையின் செயல்பாடு தடுமாறுவதே வெப்பத் தாக்கு. 'வியர்வை நின்று தோல் வறண்டால்தான் ஆபத்து' என்பது தவறான எண்ணம். ஓடும்போது தாக்குக்கு ஆளாகிறவர் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். தள்ளாடுவது, உளறுவது, காரணமின்றிக் கோபப்படுவது, இருக்கும் இடம் தெரியாமல் விழிப்பது ஆகியவையே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

பாதிக்கப்பட்டவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். அவர் பேச்சில் வித்தியாசம் இருப்பதைக் கட்டிய மனைவியோ கணவரோ உடனே கண்டுகொள்வார்கள். அப்போது அவரை நிழலுக்குக் கொண்டு சென்று, மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும்; 999க்கும் அழைக்கலாம். உதவி வரும் வரை சும்மா இருக்கக் கூடாது. ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதில் அமர்த்த வேண்டும். இல்லையேல் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஓடுவதா, விடுவதா?

மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஓர் இடத்தின் அதிகபட்ச வெப்பநிலை தொடர்ந்து 3 நாட்களுக்கு 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. போகும் ஊரின் நிலையைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம்.

எச்சரிக்கை இருந்தால், குறித்து வைத்த நேரத்தை மறந்து முதல் கிலோமீட்டரிலிருந்தே மெதுவாக ஓட வேண்டும். தொடக்கத்தில் விட்டுவிட்டுப் பிறகு வேகத்தைக் குறைப்பது பலன் தராது. முந்திய நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்திருந்தால் ஓடவே கூடாது.

கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. மாதக்கணக்கான பயிற்சியும் கண் முன் நிற்கும். ஆனால் அடுத்த ஆண்டும் ஓட்டம் நடக்கும். பதக்கம் இல்லாமல் குடும்பத்தோடு வீடு திரும்புபவருக்கு அதில் ஓட இன்னொரு வாய்ப்பு நிச்சயம் உண்டு.