அகராதி வேண்டாத வாசிப்பு

தமிழ் வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர், ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறும் ஆர்வத்தில் முதலில் எடுப்பது தடித்த பாடநூலும், அதனினும் தடித்த அகராதியும்தான். பத்தே நாளில் இரண்டும் மூலைக்குப் போய்விடுகின்றன. கணக்கை நொடியில் போடும் மாணவர்கூட 'எனக்கு ஆங்கிலம் வராது' என்று முடிவு கட்டி, இயற்பியலையே வெறுக்கத் தொடங்குவதை ஆண்டுதோறும் வகுப்பில் காண்கிறோம். நூலைத் தேர்ந்தெடுத்த முறையில்தான் கோளாறு.

படிக்கும்போது நம் கண் வரியின்மீது சீராக ஓடுவதில்லை. ஓரிடத்தில் நின்று, தாவி, மீண்டும் நிற்கிறது. ஆங்கிலம் நன்கறிந்தவரின் கண் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ கால் வினாடி நிற்கிறது. ஒரு தாவலில் சராசரியாக 7 முதல் 9 எழுத்துகளைக் கடக்கிறது. பழக்கமில்லாத சொல் வந்தால் நிற்கும் நேரம் நீளுகிறது. கண் பின்னோக்கியும் தாவுகிறது. அதுவரை வாக்கியத்தின் முற்பகுதியை நினைவில் ஏந்தியிருக்க வேண்டும். குறுகியகால நினைவோ ஒரு சில செய்திகளையே, அதுவும் சில வினாடிகளுக்கே தாங்கும். அகராதியைப் புரட்டித் திரும்புவதற்குள் வாக்கியத்தின் தலை மறந்துபோகிறது. பிறகு எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேட வேண்டியதுதான்!

அப்படியானால் தெரியாத சொற்கள் எத்தனை இருக்கலாம்? பிறர் துணையின்றிப் படித்துப் பொருள்கொள்ள, நூறு சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் போன்றோரின் கணிப்பு. 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் புதியவை 6 மட்டுமே. அவற்றில் பலவற்றை முன்பின் உள்ள சொற்களே காட்டிக்கொடுக்கும். 90 மட்டும் தெரிந்தாலோ பக்கத்துக்கு 30 புதிய சொற்கள், அதாவது ஏறத்தாழ வரிக்கொன்று.

எளிய வாசிப்பின் பயனை ஃபிஜித் தீவுகளில் சோதித்தே பார்த்தனர். ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டிராத சிற்றூர்ப் பிள்ளைகளின் 4, 5ஆம் வகுப்புகளுக்கு, படங்கள் நிறைந்த 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. நாள்தோறும் அரை மணி நேரத்துக்குள்தான் வாசிப்பு. எட்டு மாதத்தில் இவர்களது வாசிப்புத் திறன், வழக்கமான பாடமுறையில் பயின்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. அடுத்த ஆண்டில் எழுதும் திறனும் உயர்ந்திருந்தது. எல்லி, மங்குபாய் என்னும் ஆய்வாளர்கள் 1983இல் இம்முடிவுகளை வெளியிட்டனர்.

கல்லூரி மாணவருக்குக் குழந்தைக் கதையா என்று வெட்கப்பட வேண்டியதில்லை. புகழ்பெற்ற நாவல்களை எளிய சொற்களில் சுருக்கித் தரும் நூல்களும் உண்டு. ஒரு பக்கத்தைப் புரட்டித் தெரியாத சொற்களை விரல்விட்டு எண்ணுங்கள். ஆறுக்குமேல் போனால் வேறு நூலை எடுங்கள். நிமிடத்துக்கு 100 சொற்கள் என மெதுவாகவே படித்தாலும், தினம் 15 நிமிடத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் சொற்கள் கண்ணில் படும். முதல் நாள் ஒரு பக்கத்துக்கு ஆன நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து, அதே தரத்தில் உள்ள வேறொரு பக்கத்தைப் படித்து நேரத்தை ஒப்பிடலாம்.