ஜேம்ஸ் வில்சன்: கடன்பட்ட நீதியரசர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைத் தோற்றுவித்த பெரியோருள் வாஷிங்டன், ஜெபர்சன் முதலியோரின் பெயர்கள் உலகெங்கும் பரவியுள்ளன. 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்திலும், 1787ஆம் ஆண்டு அரசியல் யாப்பிலும் ஒருங்கே கைச்சாத்திட்டவர் அறுவரே. அவ்வறுவருள் ஒருவரான ஜேம்ஸ் வில்சனின் பெயரோ அத்துணைப் பரவவில்லை.

ஸ்கொத்லாந்தில் 1742இல் உழவர் குடியிற் பிறந்த வில்சன், சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1765இல் பிலடெல்பியாவை அடைந்தார். ஆங்கு ஜோன் டிக்கின்சன் என்னும் புகழ்பெற்ற நியாயவாதியிடம் சட்டம் கற்று, விரைவில் தாமும் பெயர் பெற்றார். அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு இல்லை என 1774இல் ஒரு சிறுநூல் வாயிலாக வாதிட்டார்.

அதிகாரத்தின் ஊற்று மக்களே என்பது அவர் கொள்கை. ஆதலின், ஜனாதிபதியையும் செனற் சபையினரையும் மக்களே நேராகத் தெரிவு செய்தல் வேண்டுமென 1787இல் யாப்பு மகாநாட்டில் வற்புறுத்தினார். மகாநாடு இணங்கவில்லை. செனற் சபை பற்றிய அவர் எண்ணம் 1913இலேயே நிறைவேறிற்று. எனினும், பிரதிநிதிகளின் தொகையைக் கணிக்குமிடத்து அடிமைகள் ஐவரை மூவராகக் கொள்ளும் பிரேரணையைக் கொணர்ந்தவரும் அவரே என்பது மறைத்தற்குரியதன்று.

1789இல் வாஷிங்டன் அவரை நாட்டின் அதியுயர் நீதிமன்றத்து நீதியரசராக நியமித்தார். போர்க்காலத்தில் வாங்கிய பொருள்களுக்கு ஜோர்ஜியா மாநிலம் பணம் செலுத்தவில்லையென ஒரு வழக்கு எழுந்தது. மாநிலத்தை எவரும் நீதிமன்றத்துக்கு இழுத்தலாகாது என்பது ஜோர்ஜியாவின் நிலை. தனி மனிதன் ஒருவன் தன் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவானாயின், மனிதர் பலர் கூடியமைத்த மாநிலமும் அவ்வாறே கட்டுப்படல் வேண்டும் என 1793இல் வில்சன் தீர்ப்பளித்தார். நீதியரசர் ஐவருள் நால்வர் ஜோர்ஜியாவுக்கு எதிராகவே முடிவு செய்தனர். ஆயினும், மாநிலங்கள் கொதித்தெழுந்தன. ஒரு மாநிலத்தின் மீது பிற மாநிலத்தார் வழக்கிடுவதைத் தடுக்கும் பதினோராவது திருத்தம் 1795இல் யாப்பிற் சேர்ந்தது.

கடனைத் தீர்த்தல் வேண்டுமெனத் தீர்ப்புரைத்த அவரோ, கடன்வாங்கி மேற்றிசைக் காணிகளைப் பெருமளவில் வாங்கிக் குவித்திருந்தார். 1796இல் வணிக நெருக்கடி தோன்றிக் காணி விலை சரிந்தது. கடன்காரர் சூழ்ந்தனர். நீதியரசர் பதவியில் இருந்தவாறே அவர் நியூ ஜேர்சியிற் சிறைப்பட்டார். பின்னர் வட கரோலினாவுக்குச் சென்றும் கடன் அவரை விடவில்லை; அங்கும் சிறை புகுந்தார். விடுதலை பெற்றும் உடல் தேறாது, ஈடன்டன் என்னும் ஊரில் 1798 ஆகஸ்டு 21ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார்.

நூற்றெட்டு ஆண்டுகள் கழிந்தபின், 1906இல், அவருடைய உடலின் எச்சங்கள் பிலடெல்பியாவுக்குக் கொணரப்பட்டு, கிறைஸ்ட் தேவாலயத்தில் மரியாதையுடன் அடக்கஞ் செய்யப்பட்டன. மாநிலத்துக்கும் விலக்கில்லை என அவர் உரைத்த சட்டம், அதனை உரைத்த நீதியரசருக்கும் விலக்களிக்கவில்லை.