கரையோரம் (9): சேறு வந்தால்தான் காடு

மேட்டூரில் தொடங்கி முக்கொம்பு, அணைக்கரை என்று ஆற்றோடு இறங்கிவந்த நாம், இந்த வாரம் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு வந்துவிட்டோம். தெற்கே பழையாறு, வடக்கே பரங்கிப்பேட்டை. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட கழியில் பிச்சாவரம் காடு நிற்கிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் இது.

படகில் போய்வந்தவர்களுக்கு, வளைந்து இறங்கும் சுரபுன்னை வேர்களும் அவற்றுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களும்தான் நினைவில் நிற்கும். நான் பேசவிருப்பது அந்த வேர்களுக்கு அடியில் கிடக்கும் சேற்றைப் பற்றி. கடல் உயர்ந்துவரும் காலத்தில் இந்தக் காடு நிற்குமா, மூழ்குமா என்பதை முடிவு செய்யப்போவது அந்தச் சேறுதான்.

அலையாத்தி மரங்கள் வாழக்கூடிய உயரம் மிகக் குறுகியது. ஏற்றத்தில் கடல்நீர் வந்து தொட வேண்டும், வற்றத்தில் விலக வேண்டும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே விரல்விரலாக எழுந்து நிற்பது, காற்றில்லாத மண்ணுக்குள் கிடக்கும் வேருக்கு மூச்சு கொண்டுபோகத்தான். அவை வெகுநாள் தொடர்ந்து மூழ்கிக் கிடந்தால் மரம் திணறிச் செத்துப்போகும். அதனால் கடல் ஒரு சாண் உயர்ந்தால் காட்டின் தரையும் ஒரு சாண் உயர வேண்டும். முடியாவிட்டால் காடு நிலத்தின் பக்கமாக நகர வேண்டும். இவை இரண்டையும் விட்டால் வேறு வழி கிடையாது.

தரை எப்படி உயர்கிறது? வெள்ளம் கொண்டுவரும் களிமண் துகள்கள் நன்னீரில் ஒன்றையொன்று விலக்கியபடியே மிதந்து வருகின்றன. கழிமுகத்தில் உப்புநீர் கலந்ததும் அந்த விலக்கம் போய்விடுகிறது. துகளோடு துகள் ஒட்டிக்கொண்டு, கனத்து, கீழே இறங்குகின்றன. காட்டுக்குள் நுழையும் ஏற்றநீரை வேர்கள் மறித்து வேகத்தைக் குறைக்க, அது சுமந்துவந்த சேற்றை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்புகிறது. இது மேலிருந்து வரும் உயரம். அடியிலிருந்தும் உயரம் வருகிறது. ஆண்டுதோறும் நுண்வேர்கள் மண்ணுக்குள் புதிதாகப் பரவுகின்றன, பழையவை சாகின்றன. உயிர்வளி எட்டாத சேற்றில் செத்த வேர் எளிதில் மக்குவதில்லை. அப்படியே தங்கி மண்ணைப் பருக்கச் செய்கிறது. கரியைப் பூட்டிவைக்கும் காடு என்று அலையாத்தியைப் புகழ்வதற்குக் காரணமும் இந்த மக்காத வேர்தான்.

இவ்வளவு வரவு இருந்தாலும் செலவும் இருக்கிறது. புதுச்சேறு தன் எடையாலேயே அமுங்கும். மரம் செத்தால் வேர் சுருங்கி மண் உள்வாங்கும். எனவே எவ்வளவு சேறு படிந்தது என்று பார்த்தால் மட்டும் போதாது, தரை உண்மையில் எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்க வேண்டும். அசையாத அடிமண் எட்டும்வரை ஒரு கம்பியை இறக்கி, அதன் தலையில் ஒரு கையைப் பொருத்தி, அந்தக் கையிலிருந்து ஊசிகளைச் சேற்றின்மேல் தொடவைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளக்கும் பொறுமையான வேலை இது.

இந்திய–பசிபிக் கரைகளில் இப்படி எடுத்த அளவுகளைத் திரட்டி, ஆஸ்திரேலியாவின் கேத்தரின் லவ்லாக்கும் உடனிருந்தவர்களும் 2015-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த இடங்களில் 69 சதவீதத்தில் கடல் உயரும் வேகத்துக்குத் தரை ஈடுகொடுக்கவில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே வித்தியாசம் குறைவாகவும் சேறு வரத்தும் குறைவாகவும் உள்ள காடுகள் 2070 வாக்கிலேயே மூழ்கக்கூடும் என்றும் சொன்னார்கள். 2020-இல் நீல் செயின்டிலன் குழு இன்னும் பின்னால் போனது. பனியுகப் பனி உருகிக் கடல் வேகமாக ஏறிய காலத்தில், ஏறத்தாழ 10,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன், அலையாத்திகள் எங்கே எப்போது தரை கட்டத் தொடங்கின என்று 78 இடங்களின் மண்ணடுக்குகளில் தேடினார்கள். கடல்மட்ட உயர்வு ஆண்டுக்கு 6 மில்லிமீட்டரைத் தாண்டியபோது அந்தக் காடுகளால் நிலைகொள்ள முடியவில்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. உலகச் சராசரியில் 1901–1971-இல் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த உயர்வு, 2006–2018-இல் 3.7 ஆகிவிட்டது என்கிறது ஐ.பி.சி.சி.யின் ஆறாம் அறிக்கை. 6 என்பது தொலைவில் இல்லை.

பிச்சாவரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வங்காளத்துச் சுந்தரவனத்தில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கிச் சேற்றைக் கலக்கிக் கலக்கிக் காட்டுக்குள் தள்ளும். இங்கே அந்த வலு கடலுக்கு இல்லை. பிச்சாவரத்துக்குச் சேறு வேண்டுமென்றால் முக்கியமாக ஆறு கொண்டுவர வேண்டும், அதுவும் வெள்ளக்காலத்தில்.

ஆறு கொண்டுவருகிறதா? 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அதற்குச் சற்று முன்பே மேலே கிருஷ்ணராஜசாகர் எழுந்துவிட்டது. அணைக்குள் நுழையும் வெள்ளம் நின்றுவிடும், நின்ற நீர் சேற்றைக் கீழே விட்டுவிடும். இதைத் தவிர்க்க வழியில்லை. மேட்டூரில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைகிறதே என்று நாம் கவலைப்படுகிறோம், நியாயமான கவலைதான். ஆனால் அந்த வண்டலுக்காகக் காத்திருந்த இடம் ஒன்று கடற்கரையில் உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை. காவிரி மட்டும் இப்படி இல்லை. ஜேம்ஸ் சிவிட்ஸ்கியும் கூட்டாளிகளும் 2009-இல் உலகின் 33 டெல்டாக்களை ஆராய்ந்தபோது, கிருஷ்ணா டெல்டாவுக்கு வரும் வண்டல் 94 சதவீதம் குறைந்துவிட்டது என்று கணக்கிட்டார்கள்.

அணையைத் தாண்டி வருவதையும் நாம் விட்டுவைக்கவில்லை. கொள்ளிடத்தில் குவாரி வைத்து மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடிமட்டத்தையே தாழ்த்திவிட்டோம். தாழ்ந்த ஆற்றுக்குள் கடல்நீர் மேலேறுகிறது, கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்க்கிறது. இத்தனைக்கும் பிறகு, ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் "இத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலில் கலந்தது" என்று தலைப்புச் செய்தி வருகிறது. இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. வெள்ளத்தில் கடலுக்குப் போகும் நீர்தான் காட்டுக்குச் சேறு கொண்டுபோகிறது, கழியின் உப்பைக் கழுவுகிறது, முகத்துவாரத்தில் அடைத்த மணலை உடைத்துத் திறக்கிறது, இறால் குஞ்சுகளுக்கு வேண்டிய அரை உப்பு நீரை உண்டாக்குகிறது. டெல்டாவின் கடைமடை விவசாயிக்குத் தண்ணீரில் பங்கு உண்டென்றால், கடைமடைக்கும் கீழே இருக்கும் காட்டுக்கும் பங்கு உண்டு.

தரை தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிச்சாவரம் ஏற்கெனவே ஒருமுறை பட்டுப் பார்த்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டில் கூப்பு போட்டு மரம் வெட்டினார்கள். ஒரு பகுதியை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, அது தானே தழைக்கும் என்று அடுத்த பகுதிக்குப் போவார்கள். தழைக்கவில்லை. வெட்டிய இடங்கள் பொட்டலாகவே கிடந்தன. ஆடுமாடு மேய்க்கும் மக்களும் விறகு வெட்டும் மக்களும்தான் காரணம் என்று நெடுநாள் பழி சொல்லப்பட்டது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து பொட்டல்களை ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்து ஈரத்தை உறிஞ்சியது. மண் சுருங்கி அமுங்கியது. சுற்றிலும் மரம் நின்ற இடம் மேடாக, வெட்டிய இடம் நடுவில் குழிந்த தாம்பாளம்போல ஆகிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆக உப்பு மட்டும் மிஞ்சி, கடலை விடவும் கடுமையாகக் கரித்தது. அந்த உப்பில் விதை விழுந்தாலும் முளைக்காது.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்துவிட்டது. இயற்கையான ஓடையிலிருந்து பொட்டலுக்குள் ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஏற்றம் உள்ளே போனது, வற்றம் வெளியே வந்தது. உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் ஓரங்களில் கன்று நட்டார்கள், பிடித்துக்கொண்டது. கழியில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடித்து வாயில் கவ்விய பறியில் போடும் இருளர்கள், சுற்றுவட்டார மீனவர்கள், விவசாயிகள் எல்லோரும் இந்த வேலையில் பங்கெடுத்தார்கள். யார்மீது பழி விழுந்ததோ அந்த மக்களின் கையால்தான் காடு திரும்பி வந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்க்கால் வெட்டியதோடு வேலை முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவை தூர்ந்துபோகும், தூர்வார வேண்டும், அதற்கு ஆளும் பணமும் வேண்டும்.

மரம் போனால் தரை தாழும் என்பதை இன்னொரு கரையிலும் அளந்திருக்கிறார்கள். 1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸ் தீவுகளில் அலையாத்திகளை மொத்தமாகக் கொன்றது. அதன்பின் அங்கே வேர்கள் மக்கி, தரை ஆண்டுக்குச் சுமார் 11 மில்லிமீட்டர் வீதம் இறங்கியது. கடல் ஏறும் வேகத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் நிலம் தானாகவே கீழே போனது.

சுனாமிக்குப் பிறகு அலையாத்திக் கன்று நடுவது பெரும் இயக்கமானது. பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பகுதியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்ற ஆய்வுகள் 2005-இல் வந்தன. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், நட்ட கன்றுகள் என்னவாயின என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இலங்கையில் சுனாமிக்குப் பின் நடந்த முயற்சிகளை 23 இடங்களில் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நீர் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு உப்பு, என்ன உயரம் என்று பார்க்காமல் நட்டது முக்கியக் காரணம். 2023-இல் ஒன்றிய அரசு 'மிஷ்டி' என்ற பெயரில் நாடெங்கும் அலையாத்தி வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் எழுதினால் அதே கதைதான் இங்கும் நடக்கும்.

தரை உயராவிட்டால் காடு பின்வாங்க இடம் வேண்டும் என்றேன். அந்த இடம் எங்கே? கரையோரத்தில் 1990-களில் இறால் பண்ணைகள் பெருகின. அவற்றை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்ற 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்து பண்ணை நடத்த வழி திறந்தது. இன்று டெல்டாக் கரையில் காட்டுக்கும் கழிக்கும் பின்னால் பல இடங்களில் இருப்பது பண்ணைக் கரை, சாலை, கட்டடம். முன்னால் கடல், பின்னால் கரை. காடு எங்கே நகரும்? கைவிடப்பட்டுக் கிடக்கும் பண்ணைகளின் கரைகளையாவது உடைத்து ஏற்றநீரை உள்ளே விட்டால் காட்டுக்குப் பின்வாங்கப் புது நிலம் கிடைக்கும். இதற்கு அணை கட்டும் செலவு ஆகாது.

கரையோர ஊர்களில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கன்று நடும் விழாவுக்கு உங்களை அழைத்தால் தாராளமாகப் போங்கள். போவதற்கு முன் அழைப்பவரிடம் கேளுங்கள்: நடப்போகும் இடத்தில் முன்பு காடு இருந்ததா? ஏற்றநீர் வந்துபோக வாய்க்கால் இருக்கிறதா? ஐந்து ஆண்டு கழித்து அதைத் தூர்வாரப் போவது யார்? பதில் இல்லையென்றால், கன்றுக்குச் செலவிடும் பணத்தை முதலில் வாய்க்காலுக்குச் செலவிடச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் முத்துப்பேட்டை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த காட்டைப் பார்ப்போம்.