நாலணாவில் ஒரு பிழை

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் சாமி படத்துக்குக் கீழே இருக்கும் தகர டப்பாவைக் கவிழ்த்தால், மஞ்சள் தூளோடு சில அலுமினியக் காசுகளும் விழும். சதுரமாக 1 பைசா, பூவிதழ் விளிம்போடு 2 பைசா, அறுகோணமாக 3 பைசா. மூன்றும் சேர்ந்தே எடை 3 கிராம்தான்.

பதினாறு அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று முடிந்து, ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. 1964-ல் ‘நயா’ உதிர்ந்தது. டெல்டாவிலோ 25 பைசா கடைசிவரை நாலணாதான், 50 பைசா எட்டணாதான். 2011 ஜூன் 30-ல் 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் செல்லாக்காசாயின.

சேகரிப்பாளர்களுக்கு அதன் பிறகுதான் வேலையே. தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-ல் வந்த வள்ளுவர் காசையும், பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ல் வந்த காசையும் ஊர்ப் பெருமைக்காக எடுத்து வைப்பவர்கள் உண்டு. நெல் விளையும் மண்ணுக்கு இன்னும் நெருக்கமானது, ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்று கதிரோடு 1973-ல் வந்த எட்டணா.

ஆனால் கண்ணுக்கு உண்மையான விருந்து பிழைக் காசுகள்தான். அச்சடித்த காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அதன் உருவம் இடவலம் மாறிக் குழிவாகப் பதியும். இதைச் சேகரிப்பாளர்கள் ‘லக்கி’ என்பார்கள். வில்லை நடுவில் உட்காராவிட்டால் சிங்கமுகம் ஓரத்துக்கு ஒதுங்கி, பாதிக் காசு வெறுமையாக நிற்கும். அதிலும் ஆண்டு தெரிந்தால் மதிப்பு அதிகம். தகட்டில் முன்பு வெட்டிய துளையின் மேலேயே மறுபடி வெட்டு விழுந்தால் பிறை போல ஓரம் குறைந்த காசு பிறக்கும்.

இந்தப் பிறைக் காசில்தான் ஏமாற்று வேலை அதிகம். அரம் வைத்து ராவினாலும் பிறை வந்துவிடும். குறைந்த ஓரத்துக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கே விளிம்பு மங்கியிருந்தால் பெரும்பாலும் நாணயச்சாலையில் நேர்ந்த பிழை. கூர்மையாக முழுசாக நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

ஆண்டுக்குக் கீழே வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. “குறியே இல்லை, அபூர்வம்” என்று விலை சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். குறி இல்லாதது கொல்கத்தாக் காசு, கோடிக்கணக்கில் அடித்தது. பழைய காசுக்கு லட்சம் தருவதாகத் தன் பெயரில் நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. முன்பணம் கேட்டாலே விலகிவிடுவது நல்லது.

இந்த வாரம் வீட்டு டப்பாவை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். தாமரை போட்ட பித்தளை நிற 20 பைசா கிடைத்தால், பளபளக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்பாளர் தொட மாட்டார்.