நகராத சைக்கிளுக்கு மாதம் 20 டொலர்

ஒருவர் நல்ல விலை கொடுத்து ஒரு சைக்கிள் வாங்குகிறார். வாங்கிய கையோடு அதன் பின்சில்லைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, மேலும் 500 டொலர் செலவழித்து ஒரு கருவியை வாங்கி, சில்லு இருந்த இடத்தில் பூட்டுகிறார். இனி அந்தச் சைக்கிள் ஓர் அங்குலமும் நகராது. அதன் முன்னால் ஒரு திரையை வைத்து, பக்கத்தில் ஒரு மின்விசிறியையும் சுழலவிட்டு, வியர்க்க வியர்க்க மிதிக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு, சொந்த வீட்டில் சொந்தச் சைக்கிளைச் சொந்தக் காலால் மிதிப்பதற்காக ஓர் அமெரிக்கக் கம்பனிக்கு மாதாமாதம் 20 டொலர் கட்டுகிறார். புறக்கோட்டையில் எந்தக் கடைக்காரரிடம் இதைச் சொன்னாலும், அந்த மனிதருக்கு வேறு வேலையில்லையா என்றுதான் கேட்பார்.

ஆனால் வியாபாரம் தெரிந்தவர் அடுத்த கேள்வியையும் கேட்பார். அந்த 20 டொலருக்கு அவருக்கு என்னதான் கிடைக்கிறது? இந்த வாரம் அதையே பார்க்கப் போகிறோம். இந்தக் கேள்விக்குப் பிழையான விடை கண்ட ஒரு பெரிய கம்பனி ஒரே வருடத்தில் 2.8 பில்லியன் டொலர் நட்டப்பட்டது. கோடிகளில் இல்லாவிட்டாலும் இலட்சங்களில் அதே பிழையை விடும் வாய்ப்பு எமக்கும் உண்டு.

மேற்படி 20 டொலரைப் பெறும் கம்பனியின் பெயர் ஸ்விஃப்ட். (சுசுகி கார் அல்ல, ஆங்கில எழுத்தும் வேறு.) 2014ல் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் தொடங்கப்பட்டது. ஸ்தாபகர்களில் ஒருவரான எரிக் மின், லண்டனில் வாழ்ந்த ஒரு சைக்கிள் பிரியர். தொழில், குடும்பம் என்று வெளியே போய் ஓட்ட நேரம் கிடைப்பதில்லை. வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியே மிதிப்பதோ பெரிய அலுப்பு. ஜோன் மேஃபீல்ட் என்ற மென்பொருள் வல்லுநர் தமது பொழுதுபோக்குக்காக இதற்கென ஒரு மென்பொருளை ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். அதைக் கண்ட மின் அவரையும் சேர்த்துக்கொண்டார். சுமார் ஒரு வருடம் மக்களை இலவசமாகப் பழக்கிவிட்டு, 2015ன் இறுதியில் மாதம் 10 டொலர் அறவிட ஆரம்பித்தார்கள். 2017ல் அது 15 ஆனது, 2024ல் 20. இடையே 2018ல் ஓட்டக்காரர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். ட்ரெட்மில்லில் ஓடுபவர் சப்பாத்தில் ஒரு சிறிய உணர்கருவியை மாட்டிக்கொண்டால் அவரும் திரைக்குள் ஓடலாம்.

திரையில் தெரிவது வாட்டோபியா என்ற கற்பனைத் தீவு. அங்கே கடற்கரை இருக்கிறது, காடு இருக்கிறது, எரிமலையும் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் குறித்த நேரத்துக்கு ஆரம்பக் கோட்டில் நிற்கிறார்கள். ஒருவர் ஜப்பானில் தமது சமையலறைக்குள் இருப்பார், இன்னொருவர் இங்கிலாந்தில் வாகனக் கொட்டிலுக்குள் இருப்பார். திரையில் இருவரும் தோளோடு தோள். பாதை மேடாக ஏறும்போது கருவி தானாக இறுகிக் காலைப் பிடிக்கும், இறக்கத்தில் தளரும். முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், உண்மையான வீதியில் போலவே காற்று மறைந்து சற்று இலேசாகும். வருட ஆரம்பத்தில் வழமையாக நடைபெறும் 'டூர் டி ஸ்விஃப்ட்' என்ற தொடரில் ஒரே கட்டத்தை நாளொன்றுக்குப் பல தடவைகள் நடத்துகிறார்கள். அவுஸ்திரேலியாவில் விடியும்போது ஐரோப்பாவில் இரவல்லவா? சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. முடித்தவருக்குக் கிடைப்பது திரையில் இருக்கும் அவரது உருவம் அணிந்துகொள்ளும் ஒரு சட்டை. அதற்குத் துணியில்லை, தையற்கூலி இல்லை, சுங்கத் தீர்வையும் இல்லை. அந்த இல்லாத சட்டைக்காக மனிதர்கள் நோகும் காலோடு கடைசிக் கட்டத்தையும் முடிக்கிறார்கள்.

ஆக, 20 டொலருக்குக் கிடைக்கும் முதற்பொருள் கூட்டு. தனியே மிதிப்பவர் பத்தாவது நிமிடத்தில் இறங்கிவிடுவார். இன்ன நேரத்தில் இன்னார் வருவார்கள் என்று தெரிந்தவர் இறங்குவதில்லை. இருபது ரக்அத் தராவீஹை வீட்டில் தனியே தொழுவதற்கும் ஜமாஅத்தோடு தொழுவதற்கும் உள்ள வித்தியாசம் எமக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது பொருள் தராசு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

நகராத சைக்கிளுக்கு வேகம் ஏது? மிதிப்பவரின் கால் எத்தனை வாட் சக்தியைக் கொடுக்கிறது என்பதைக் கருவி அளக்கிறது. அந்த வாட், அவரது உடல் நிறை, உயரம், பாதையின் சரிவு ஆகியவற்றை வைத்து மென்பொருள் வேகத்தைக் கணக்கிடுகிறது. வாட்டைக் கருவி அளக்கும். நிறையை யார் அளப்பது? அதை வாடிக்கையாளரே எழுதிக் கொடுக்கிறார். 75 கிலோ நிறையுள்ள ஒருவர் 225 வாட் கொடுத்தால் கிலோவுக்கு 3 வாட். அவரே தம்மை 65 கிலோ என்று எழுதிவிட்டால் கிலோவுக்கு ஏறத்தாழ 3.5 வாட். கால் ஒன்றுதான், வியர்வை ஒன்றுதான், ஆனால் மலையேற்றத்தில் பக்கத்தில் வந்த நேர்மையானவர் பின்னால் போய்விடுவார். கருவிகளிலும் வித்தியாசம் உண்டு. நல்ல கருவி 1 அல்லது 2 வீதப் பிழைக்குள் அளக்கும், மலிவானது 5 வீதம் வரை தவறும். 250 வாட்டில் 5 வீதம் என்பது பன்னிரண்டரை வாட். போட்டியொன்றில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க அது போதும்.

அளவை நிறுவையில் மோசடி செய்வோரைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே அருளப்பட்ட சமூகம் நாம். படிக்கல்லின் அடியைச் சுரண்டி வைத்த கடைக்காரரின் கதை எல்லா ஊரிலும் உண்டு. இங்கே விசித்திரம் என்னவென்றால், தராசு வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது, நட்டப்படுவது கடைக்காரரின் பெயர். அதனால்தான் உயர்மட்டப் போட்டிகளில் வீரர் தராசில் ஏறி நிற்பதை வீடியோவில் பதிந்து அனுப்பச் சொல்கிறார்கள். வாட்டையும் இரு வேறு கருவிகளில் பதிந்து ஒப்பிடுகிறார்கள்.

2019ல் பிரித்தானியாவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். அந்நாட்டின் முதலாவது மெய்நிகர் சைக்கிள் தேசியப் போட்டியில் வென்றவரின் பட்டம் சில மாதங்களில் பறிக்கப்பட்டது. ஆறு மாதத் தடையும் 250 பவுண் அபராதமும் விதிக்கப்பட்டன. போட்டியில் அவர் சொந்தக் காலால்தான் மிதித்தார். அதில் எவருக்கும் சந்தேகமில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. திரையில் அவர் ஓட்டிய விசேட சைக்கிளைப் பெறுவதற்கு மொத்தம் 50,000 மீற்றர் உயரம் ஏறியிருக்க வேண்டும். அவர் அதை ஏறவில்லை, மிதிப்பதுபோல் காட்டும் ஒரு மென்பொருளை ஓடவிட்டுப் பெற்றிருந்தார். கள்ளக் கடிதம் காட்டி அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டு, அதன் பின் நேர்மையாக வியாபாரம் செய்ததைப் போன்றது இது. தீர்ப்புக் கொடுத்தவர்கள் முதற்படியையும் கணக்கில் எடுத்தார்கள்.

பின்னர் 2020 வந்தது. ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள். பிரான்ஸ் சுற்றுப் போட்டி ஜூலையில் நடைபெற வழியில்லாமல் ஒகஸ்ட் இறுதிக்குத் தள்ளிப் போனது. வெறுமையாகக் கிடந்த ஜூலையில் ஸ்விஃப்டும் போட்டி ஏற்பாட்டாளர்களும் சேர்ந்து மெய்நிகர் சுற்றுப் போட்டியை நடத்தினர். ஆறு கட்டங்கள், 23 ஆண்கள் அணிகள், 17 பெண்கள் அணிகள். உலகப் புகழ் பெற்ற வீரர்கள் வரவேற்பறையில் மிதித்ததைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. பொதுமக்களுக்கும் தனிக் கட்டங்கள் திறந்துவிடப்பட்டன. பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே தூரம். வீதியில் அதுவரை கிடைக்காத ஒரு சமத்துவம் அது. அதே வருடம் செப்டெம்பரில் ஸ்விஃப்டுக்கு 450 மில்லியன் டொலர் முதலீடு வந்து சேர்ந்தது.

இந்தக் காலத்தில்தான் இன்னொரு கம்பனி பிழையான விடையைக் கண்டது. நியூயோர்க்கின் பெலோட்டன், திரை பூட்டிய உடற்பயிற்சிச் சைக்கிளை 2,000 டொலர் அளவில் விற்று, அதன் மேல் மாதச் சந்தாவும் வாங்கிய கம்பனி. 2019ல் 29 டொலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்த அதன் பங்கு, 2021 ஜனவரியில் 160 டொலரைத் தாண்டியது. மக்கள் கேட்ட வேகத்துக்குச் சரக்குக் கொடுக்க முடியவில்லை. ஆகாய மார்க்கமாகவும் துரிதக் கப்பலிலும் இயந்திரங்களைக் கொண்டுவர 100 மில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்கினார்கள். 420 மில்லியன் கொடுத்து ஓர் உற்பத்திக் கம்பனியை வாங்கினார்கள். ஒஹாயோ மாநிலத்தில் 400 மில்லியன் செலவில் தொழிற்சாலை கட்டுவதாக அறிவித்தார்கள். கேட்டுவந்த கூட்டம் என்றைக்கும் வரும் என்று நம்பினார்கள்.

கூட்டம் வெளியே போய்விட்டது. கதவுகள் திறந்ததும் மக்கள் வீதிக்கும் ஜிம்முக்கும் திரும்பினார்கள். 2021 மே மாதம், ஒரு குழந்தையின் மரணத்தை அடுத்து சுமார் 125,000 ட்ரெட்மில்களைத் திரும்பப் பெறவேண்டிய நிலையும் ஏற்பட்டது. 2022 பெப்ரவரியில் பிரதம நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார், 2,800 பேர் வேலை இழந்தனர், தொழிற்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வருடம் ஜூன் மாதக் கணக்கில் விற்காத சரக்கு மட்டும் 1.1 பில்லியன் டொலர். 2024ல் பங்கின் விலை 3 டொலருக்கும் கீழே போனது.

அதே ஐந்தொகையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. இயந்திரத்தை விற்றதில் அடக்க விலைகூடத் தேறவில்லை. சந்தாவிலோ வரும் ஒவ்வொரு 100 டொலரிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மொத்த இலாபம். மக்கள் காசு கொடுத்தது கூட்டுக்கு. கம்பனி முதலைப் போட்டது இரும்பில்.

ஸ்விஃப்டும் இந்தச் சபலத்துக்குத் தப்பவில்லை. சொந்தமாகச் சைக்கிள் தயாரிக்கும் திட்டத்தை 2022 மே மாதம் கைவிட்டு, சுமார் 150 பேரை நிறுத்தியது. பிறகு மலிவு விலையில் ஒரு மிதிகருவியை விற்கப் போய், வாஹூ என்ற கம்பனியுடன் காப்புரிமை வழக்கில் மாட்டிக்கொண்டது. 2023ல் சமாதானமாகி, வழக்குப் போட்டவரின் கருவியையே தனது சந்தாவோடு சேர்த்து விற்க ஆரம்பித்தது. எமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எமது நாட்டில் இதற்கு உதாரணம் தேடத் தேவையில்லை. 2022ல் பெற்றோல் வரிசை நீண்ட நாட்களில் சைக்கிள் விலை எகிறியதைக் கண்டோம். வரிசை குறைந்ததும் அந்தக் கேள்வியும் குறைந்தது. உச்சத்தில் கொள்வனவு செய்தவர்கள் எப்படி விற்றுத் தீர்த்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உடற்பயிற்சிச் சாமான் விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் வாங்கிய ட்ரெட்மில் மூன்று மாதத்தில் உடுப்புக் காயப்போடும் கொடியாகிவிடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த வாடிக்கையாளர் இனி உங்களிடம் எதுவும் வாங்கப்போவதில்லை, பிறருக்குச் சிபாரிசு செய்யப்போவதுமில்லை. வாங்கியவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, சுபஹுக்குப் பிறகு ஒரு நேரத்தைக் குறித்து, எல்லோரும் அதே அரை மணித்தியாலம் ஓடச் செய்து பாருங்கள். பெண்களுக்குத் தனிக் குழு. உங்கள் வீட்டிலிருந்தே ஒருவர் அதை நடத்தலாம். வெளியே ஓட வசதியில்லாத எமது பெண்களுக்கு வீட்டுக்குள் ஒரு கூட்டு கிடைப்பது சிறிய விடயமல்ல. இதற்கு வாட்டோபியா தேவையில்லை. இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் வருடாந்த ஒப்பந்தத்துக்கு அந்தக் குழுவில்தான் ஆள் கிடைக்கும்.

பழைய மாணவர் சங்கங்கள் 'மெய்நிகர் ஓட்டம்' நடத்த விரும்பினால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கலந்துகொள்வோரிடம் பணம் சேர்த்து, சேர்த்த பணத்தையே வென்றவருக்குப் பரிசாகக் கொடுப்பது சூதின் வாசலில் கொண்டுபோய் விடும் என்று உலமாக்கள் எச்சரிப்பதுண்டு. அனுசரணையாளர் ஒருவர் தமது பையிலிருந்து கொடுக்கும் பரிசு வேறு விடயம். அறிவித்தல் அச்சடிக்க முன்னர் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இனி ஸ்விஃப்டின் நிலைக்கு வருவோம். அபூதாபியில் மைவூஷ் என்றொரு போட்டியாளர் முளைத்திருக்கிறார். அவர் சந்தாவே வாங்குவதில்லை, வெல்பவருக்குப் பணப் பரிசும் கொடுக்கிறார். ஒருவர் 20 டொலருக்கு விற்கும் சாமானைப் பக்கத்துக் கடைக்காரர் சும்மா கொடுத்தால் என்ன செய்வது? பழைய வாடிக்கையாளர்கள் ஸ்விஃப்டில் இன்னும் இருப்பது அங்கே தமக்குத் தெரிந்தவர்கள் இருப்பதால்தான். ஆனால் உலகப் போட்டி கைமாறிவிட்டது. சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் முதலாவது மெய்நிகர் உலக சம்பியன்ஷிப் 2020 டிசம்பரில் ஸ்விஃப்டில் நடந்தது. வீரர்கள் அவரவர் இடத்திலிருந்து மிதித்தார்கள். வென்றவர் ஜேசன் ஒஸ்போன், ஜேர்மனியின் படகோட்ட வீரர். 2024ல் அதே சம்பியன்ஷிப் மைவூஷிடம் போனது. இம்முறை இறுதிப் போட்டியாளர்கள் அனைவரையும் விமானத்தில் அழைத்துவந்து, அபூதாபியில் ஒரே மண்டபத்தில் வரிசையாக அமர்த்தி, எல்லோர் கண்ணெதிரிலும் மிதிக்கவைத்தார்கள். அங்கேயும் ஒஸ்போன்தான் வென்றார்.