புழக்கடையில் ஒரு கூடம்

மைசூரில் எங்கள் வீட்டின் பின்புறம் 20-க்கு 30 அடி நிலம், பழைய சைக்கிளுக்கும் உடைந்த தொட்டிகளுக்கும் உறைவிடமாகக் கிடந்தது. பிள்ளைகள் விளையாடவும், மாலையில் அமர்ந்து உண்ணவும், அம்மா சாய்ந்து இளைப்பாறவும் அதைத் திருத்தியமைக்க முற்பட்டோம்.

முழுவதும் சிமெண்ட் பூசி டைல்ஸ் பதிக்கலாம், வேப்பமரத்தை வெட்டிவிடலாம் என்றார் ஒப்பந்ததாரர். மழைநீர் நிலத்தில் இறங்க வழியிராதே என்று மறுத்தோம். மரத்தடியில் ஓரடி ஆழத்துக்கு மணல் நிரப்பியதும் பிள்ளைகளின் பகுதி முடிந்தது. பின்புறம் கிழக்குப் பார்த்தது; பிற்பகலில் வீட்டின் நிழல் விழும் சுவரோரத்தில், சமையலறைக் கதவருகே, உணவு மேசையைப் போட்டோம். அங்கே கடப்பைக் கற்களை இடைவெளி விட்டுப் பதித்து, தரை சுவரிலிருந்து விலகிச் சரியுமாறு அமைத்தோம்.

துவைக்கும் கல்லை அகற்ற அம்மா உடன்படவில்லை. வாஷிங் மெஷின் உள்ள வீட்டில் அது எதற்கு என்று வாதாடித் தோற்றோம்.

பணத்துக்கு, மகளின் மேற்படிப்புக்கென வைத்திருந்த வைப்புத்தொகையை உடைக்கலாமா என்ற எண்ணம் எழுந்தது. வங்கியில் பணிபுரியும் எங்களுக்கே அந்தச் சபலம்! முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி குறையும். பெரும்பாலும் அபராதமும் உண்டு. ஆகவே வைப்பின் பேரில் கடன் பெற்றோம். வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடே கூடுதல். வைப்பும் தொடர்ந்து வளர்ந்தது.

கடன் 11 மாதங்களில் அடைந்தது. அம்மாவுக்கென எண்ணிய சாய்வு நாற்காலியை இன்னும் வாங்கவில்லை. துவைக்கும் கல்லின்மீது அமர்ந்தே பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறார்.